தண்ணீர்ச் சத்தம் கேட்காத இடம்

ஜெர்மனியில் நான் செய்த வேலைகளில் இன்றைக்கும் நினைத்தால் ஆத்திரம் வருவது ஒன்றே ஒன்றுதான். காது கொடுத்துக் கேட்கச் சொல்லி எனக்குக் கொடுத்த வேலை அது. அதை நான் ஒழுங்காகச் செய்யவில்லை. செய்யவில்லை என்று தெரிந்து சரிசெய்யப் போனபோது ஒருத்தரும் வழி விடவில்லை. இதில் யார்மேல் கோபம் அதிகம் என்று கேட்டால் நாளுக்கொரு பதில் சொல்வேன்.

அறுபதுகளின் கடைசி. பிராங்பேர்ட்டிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரத் தொலைவில் இருந்த பல்கலைக்கழக ஊரில் மண் வேதியியல் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தேன். மதுரையிலிருந்து போனவன். எங்கள் கட்டடத்தின் மேல்மாடியில் புவியியல் துறை இருந்தது. ஒருநாள் மதியம் அந்தத் துறைப் பேராசிரியர் படியிறங்கி என் மேஜைக்கே வந்துவிட்டார். நம் ஊரில் ஒரு பேராசிரியர் அப்படி வந்தால் கட்டடமே எழுந்து நிற்கும். நான் எழுந்தேன். உட்காரச் சொல்லிவிட்டு, "நீங்கள் தமிழர்தானே?" என்று கேட்டார்.

அவர் அப்போதுதான் மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து திரும்பியிருந்தார். அங்கே ஒரு காட்டைக் காப்புக்காடாக அறிவிக்கப் போகிறார்கள். அதற்கான திட்டத்தையும் வரைபடத்தையும் இவருடைய குழு தயார் செய்கிறது. காட்டுக்கு நடுவே ஓர் ஆறு. ஆற்றங்கரையில் மலைவாசிகளின் முப்பது குடிசைகள். அவற்றை அங்கேயே விடுவதா, தார்ச்சாலைக்குப் பக்கத்தில் கொண்டுவந்து குடிவைப்பதா என்பதுதான் கேள்வி. "அந்த ஆறு அவர்களுடைய ஆறுதானா, நேற்று வந்து குடியேறிய இடமா என்று பார்க்க வேண்டும்," என்றார். "ஆற்றின் ஒவ்வோர் இடத்துக்கும் அவர்கள் பெயர் வைத்திருந்தால், அங்கே மீன் பிடித்து, குளித்து, கும்பிட்டு வந்தால், கரையை அவர்களிடமே விடச் சொல்லி எழுதுவேன். அப்படி எதுவும் இல்லை என்றால் கரையில் மனிதர் இருக்கக் கூடாது என்று எழுதுவேன்."

அவர் கெட்டவர் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ வசதியாக இருந்திருக்கும்.

ஆற்றின் தலையிலிருந்து கீழே இன்னோர் ஆற்றோடு சேரும் இடம்வரை, ஒரு மலைக்காரரைக் கூட்டிக்கொண்டு நடந்திருக்கிறார். பதினேழு இடங்களில் நின்று டேப் ரெக்கார்டரில் பதிவு செய்திருக்கிறார். இவர் ஆங்கிலத்தில் கேட்க, கூட வந்த வனக்காவலர் அதைத் தமிழில் கேட்க, மலைக்காரர் பதில் சொல்ல வேண்டும். காவலருடைய மொழிபெயர்ப்பின்மேல் பேராசிரியருக்கு நம்பிக்கை இல்லை. அதனால்தான் என்னிடம் வந்தார்.

"அவர்களுடைய பேச்சு உங்களுக்குப் புரியுமா?"

"தமிழ்தானே, புரியாமல் என்ன?" என்றேன்.

மண்டைக்கனம்! வேறென்ன சொல்ல? அதுவரை மலைக்காரர் ஒருவரோடு நான் நாலு வார்த்தை பேசியதில்லை. எங்கள் தெருவில் தேன் விற்க வருகிறவரை அம்மா "கலப்படமில்லையே?" என்று கேட்பதைக் கேட்டிருக்கிறேன், அவ்வளவுதான். ஆனால் அந்தக் கட்டடத்தில் தமிழ் தெரிந்த ஒரே ஆள் நான். அது என் தலைக்குள் ஏறி உட்கார்ந்துவிட்டது.

நிலவறையில் ஒரு சின்ன அறை கொடுத்தார்கள். ஹெட்போனை மாட்டிக்கொண்டு முதல் நாடாவை ஓடவிட்டேன். தண்ணீர், தண்ணீர், வேறொன்றும் இல்லை! பாறையில் மோதிக் கொட்டும் இரைச்சல். அதற்கடியில் எங்கேயோ மூன்று ஆண்குரல்கள். அரை மணி நேரத்தில் தலைவலி வந்துவிட்டது. நேரே ஒலிப்பதிவு அறைக்குப் போய் அங்கிருந்த தொழில்நுட்பக்காரரிடம், "இந்தத் தண்ணீர்ச் சனியனை எடுத்துத் தொலைக்க முடியுமா?" என்று கேட்டேன். முழுக்க எடுக்க முடியாது, முடிந்த அளவு குறைத்துப் பிரதி எடுத்துத் தருகிறேன் என்றார். ஒரு வாரத்தில் தந்தார். குரல்கள் தெளிவாகக் கேட்டன, தண்ணீர் போயே போய்விட்டது. "மூல நாடா இனித் தேவையா?" என்று கேட்டார். துறையில் நாடாவுக்கு எப்போதும் தட்டுப்பாடு. "தேவையில்லை, அழித்துவிட்டு உபயோகித்துக்கொள்ளுங்கள்," என்று பெருந்தன்மையாகச் சொன்னேன். யாராவது அன்றைக்கு என் கன்னத்தில் ஒன்று வைத்திருக்கலாம்.

சுத்தமான பிரதியில் கேட்டது இதுதான். பேராசிரியர் கேட்பார். காவலர் அதட்டுவார்: "ஏய், தொரை கேக்குறாருல்ல? இந்த எடத்துக்கு என்ன பேரு? சொல்லு."

பதில் வராது. காலடிச் சத்தம் கேட்கும். பிறகு அந்த மனிதர் மெதுவாக, "நடங்க சாமி, நடங்க," என்பார்.

அடுத்த இடம். அதே கேள்வி. "நடங்க சாமி, போவம்." அதற்கடுத்த இடம். செருமல். "நேரமாச்சு சாமி." ஐந்தாவது இடத்தில் காவலர் கெட்ட வார்த்தையில் திட்டினார். அப்போதும் அந்த மனிதர் வாயைத் திறக்கவில்லை. எனக்கும் பொறுமை போய்விட்டது. "வாயில என்னய்யா கொழுக்கட்டையா வச்சிருக்க?" என்று அந்த அறையில் தனியாக உட்கார்ந்து மெஷினைப் பார்த்துக் கத்தினேன்.

எனக்குக் கொடுத்த படிவத்தில் பதினேழு வரிசைகள். இடத்தின் எண், உள்ளூர்ப் பெயர், உபயோகம். பெயர் என்ற கட்டத்தில் ஜெர்மனில் 'இல்லை' என்று எழுதினேன். உபயோகத்திலும் 'இல்லை'. பதினேழு தடவை அப்படியே. கையெழுத்து அழகாக இருக்கிறது என்று பேராசிரியர் பாராட்டினார்.

குளிர்காலம் போனது. என் ஆராய்ச்சியில் மூழ்கிவிட்டேன். வசந்தத்தில் பேராசிரியரின் காரியதரிசி இன்னொரு நாடாவைக் கொண்டுவந்து வைத்தார். முக்கியமில்லாதது, சந்தையில் பதிவானது, சாமான்களோடு கப்பலில் தாமதமாக வந்தது, நேரம் கிடைக்கும்போது கேட்டால் போதும் என்றார். அன்று சனிக்கிழமை. யாழ்ப்பாணத்து நண்பன் ஒருவன், பொறியியல் படித்துக்கொண்டிருந்தவன், சமைக்கப் போகலாம் என்று என்னைக் கூப்பிட வந்திருந்தான். "அஞ்சு நிமிஷம் இருடா, இதைக் கேட்டுட்டுப் போயிருவோம்," என்று அவனையும் உட்காரவைத்து ஸ்பீக்கரில் ஓடவிட்டேன்.

பஸ் ஹாரன். டீ ஆற்றும் சத்தம். ஆட்கள் பேசும் இரைச்சல். பிறகு அதே குரல். ஆனால் இது வேறு ஆளோ என்று சந்தேகம் வரும்படி அவ்வளவு கலகலப்பு.

"சாமி, அன்னைக்கு ஆத்துல கேட்டீங்கல்ல, பேரு? இப்பக் கேளுங்க, சொல்றேன். இங்க சொல்லலாம். தண்ணிச் சத்தம் காதுல விழாது."

பேராசிரியருக்கு ஒன்றும் புரியாமல் "என்ன, என்ன?" என்கிறார். காவலர் அன்றைக்கு இல்லை போலும். அந்த மனிதர் யாருக்கும் காத்திருக்காமல் ஆற்றின் தலையிலிருந்து ஆரம்பித்தார். கிழவி குளிச்ச கயம். அங்கே பிள்ளை பெற்றவளைத்தான் முதலில் குளிக்கவைப்பார்கள். தேன் சொட்டுப் பாறை. மூணு தம்பி. அது ஒன்றுபோல் நிற்கும் மூன்று பாறை, வெள்ளம் மூன்றாம் தம்பியின் தோளைத் தொட்டால் குடிசையைவிட்டு மேலே ஏற வேண்டும். மீன் உறங்குற மடு. அங்கே மழைக்காலம் முடியும்வரை தூண்டில் போடக் கூடாது. பதினேழையும் சொன்னார், ஒவ்வொன்றிலும் என்ன செய்வார்கள், என்ன செய்யமாட்டார்கள் என்பதோடு. 

கடைசியில், கேட்காமலே இதையும் சொன்னார்: "தண்ணிச் சத்தம் கேக்குற எடத்துல பேரைச் சொன்னா, கூப்புட்ட மாதிரி ஆயிப்போகும் சாமி. எங்க பெரியவங்க எல்லாம் அந்தத் தண்ணியிலதான் இருக்காங்க. கூப்புட்டா வந்துருவாங்க. சோலி இல்லாமக் கூப்புடலாமா? பெத்தவங்களைப் பேரு சொல்லிக் கூப்புடுவாங்களா யாராச்சும்?"

நாடா முடிந்து சக்கரம் சும்மா சுற்றிக்கொண்டிருந்தது. நான் என் படிவத்தைப் பற்றி நண்பனிடம் சொன்னேன். அவன் சிரிப்பான் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை.

"எட மச்சான், பதினேழு தரமும் இல்லை எண்டோ எழுதினனீ?"

"அவர் வாயையே திறக்கலைடா. நான் என்ன பண்றது?"

"உன்ரை அம்மா அப்பாவைப் பேர் சொல்லிக் கூப்பிடுறவவோ?"

நான் எழுந்து மெஷினை நிறுத்தினேன்.

"எங்கட அம்மாவும் சொல்லமாட்டா. அதுக்காக எங்கட அப்பாவுக்குப் பேர் இல்லையெண்டு எழுதிப்போடுவியோ? வெள்ளைக்காரனுக்கு விளங்கேல்லை எண்டால் சரி. உனக்கெங்கை போச்சுது புத்தி?"

அவன் சொன்னபோது எனக்கு ஞாபகம் வந்தது வேறு யாருமில்லை, எங்கள் வீட்டுக்கு மக்கள்தொகைக் கணக்கெடுக்க வந்தவர். "வீட்டுக்காரர் பேர் என்னம்மா?" என்று கேட்டார். அம்மா என் முதுகில் ஓர் இடி இடித்து, "சொல்லேன்டா," என்றாள். நான் குறும்புக்கு வாயை மூடிக்கொண்டு நின்றேன். அம்மா தவித்துப் போனாள். கடைசியில் சுவரில் தொங்கிய காலண்டரில் இருந்த சாமியைக் காட்டினாள். வந்தவர் சிரித்துக்கொண்டே அப்பாவின் பெயரைச் சரியாக எழுதிக்கொண்டு போனார். படித்துப் பட்டம் வாங்கி விமானம் ஏறி வந்த எனக்கு அந்த மனிதருடைய புத்தியில் கால்வாசி இல்லை. சே! சொந்த வீட்டில் பார்த்ததை ஒரு மலைக்காரரிடம் பார்த்தால் அடையாளம் தெரியாமல் போகுமா? போனதே!

திங்கட்கிழமை காலையில் மேல்மாடிக்கு ஓடினேன். பேராசிரியரைப் பார்க்க வேண்டும் என்றேன். காரியதரிசி நோட்டைப் புரட்டிப் பார்த்து, அடுத்த டெர்மின், அதாவது சந்திப்பு நேரம், இரண்டு வாரம் கழித்து வியாழக்கிழமை என்றார். "அவசரம்," என்றேன். "எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள்," என்றார். என் மேஜைக்குத் தாமாக இறங்கி வந்த அதே மனிதரைப் பார்க்க நான் இரண்டு வாரம் காத்திருந்தேன். அந்த இரண்டு வாரத்தில் வரைபடம் அச்சகத்துக்குப் போய்விட்டது.

வியாழக்கிழமை அவர் பொறுமையாகக் கேட்டார். சந்தை நாடாவை நான் முழுக்க மொழிபெயர்த்துக் கொண்டுபோயிருந்தேன். படித்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"யோசித்துப் பாருங்கள். ஆற்றங்கரையில், அந்தந்த இடத்திலேயே நின்று கேட்டபோது பதினேழு முறையும் பதில் இல்லை. டீக்கடையில் டீ வாங்கிக் கொடுத்ததும் பதினேழு பெயரும் வந்துவிட்டன. ஓர் ஆய்வாளராக நீங்கள் எதை நம்புவீர்கள்?"

"டீக்கடையை நம்புவேன்," என்றேன்.

அவர் புன்னகை செய்தார். நான் அம்மா கதையைச் சொன்னேன். காலண்டரைச் சொன்னேன். அதை ரசித்தார் என்றே சொல்ல வேண்டும். ஆனால் ரசித்து என்ன பயன்? "நல்ல ஒப்பீடு. ஆனால் இதற்கு ஆதாரம் வேண்டும். தண்ணீர்ச் சத்தம் கேட்கும் இடத்தில்தான் அவர் மௌனமாகிறார் என்று எனக்குக் காட்டுங்கள். நடந்து போகும்போது கரையை விட்டு விலகியிருப்போம். அங்கே சத்தம் குறைந்திருக்கும். அங்கே அவர் பேசியிருக்கிறாரா, நாடாவைப் போடுங்கள், சேர்ந்து கேட்போம்."

நாடாவில் தண்ணீர் ஏது? பிரதியில் குரல்களைத் தவிர எங்கு பார்த்தாலும் ஒரே நிசப்தம். மூல நாடாவில் எவனோ மாணவன் ஜெர்மன் உச்சரிப்புப் பயிற்சி பதிவு செய்திருந்தான். அழிக்கச் சொன்ன மகராசன் நான்தான். அதை அவரிடம் சொன்னபோது என் குரல் எனக்கே கேட்கவில்லை. அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் ஆறியிருக்கும். "வருந்துகிறேன்," என்று மட்டும் சொன்னார்.

வேண்டுமானால் ஒரு பின்னிணைப்புச் சேர்க்கலாம், அதற்குத் திட்டத்தை நடத்தும் அலுவலகத்துக்கு அன்ட்ராக் போட வேண்டும் என்றார். போட்டேன். அன்ட்ராக் என்றால் விண்ணப்பம்தான், ஆனால் அந்த நாட்டில் அதற்கு ஓர் உயிரும் உடலும் உண்டு. இரண்டு பிரதி கேட்டார்கள், கொடுத்தேன். பேராசிரியர் கையெழுத்தில்லாமல் செல்லாது என்று திருப்பினார்கள். கையெழுத்து வாங்கப் போனால் அவர் கோடை விடுமுறையில் ஆல்ப்ஸ் மலையில் இருந்தார். அவர் வந்து கையெழுத்துப் போட்டதும், படிவம் மாறிவிட்டது, புதிய படிவத்தில் எழுதுங்கள் என்றார்கள். அந்த அலுவலகத்து வராந்தாவிலேயே நின்று, "அங்கே முப்பது குடிசை இருக்கிறதய்யா, ஆட்கள் இருக்கிறார்கள்!" என்று தமிழிலேயே கத்திவிட்டேன். உள்ளேயிருந்து ஒருவர் எட்டிப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார்.

உதவி செய்தது ஒரே ஒருத்தர். புவியியல் துறையில் வரைபடம் வரைகிற அம்மாள். ஐம்பது வயதிருக்கும். வெள்ளைக் கோட்டு, விரல் நுனியெல்லாம் நீல மசி. அந்த ஆற்றை வரைந்ததும் அவர்தான். போர் முடிந்தபோது கிழக்கே இருந்த தன் ஊரை விட்டு ஓடிவந்தவர் என்று பிறகு தெரிந்தது. எங்கள் ஊர் ஓடைக்கு நாங்கள் சொன்ன பெயர் இப்போது எந்த வரைபடத்திலும் கிடையாது என்று ஒருமுறை சொன்னார். 

அச்சடித்ததை மாற்ற முடியாது, ஆனால் அதன்மேல் வைக்கிற மாதிரி ஒளி ஊடுருவும் தாளில் பெயர்களை எழுதித் தருகிறேன் என்றார். மதிய உணவு நேரத்தில் உட்கார்ந்தோம். நான் ஒவ்வொரு பெயரையும் சொல்லச் சொல்ல, அதை ரோமன் எழுத்தில் எழுதிக் கீழே ஜெர்மன் பொருளையும் எழுதுவது என்று ஏற்பாடு. தண்ணீர்ச் சத்தம் கேட்கும் இடத்தில் எதற்குச் சொல்லக் கூடாது என்ற கதையைக் கேட்டதும் பேனாவைக் கீழே வைத்தார். பிறகு எழுந்து போய், மூலையில் பேனா கழுவும் தொட்டியில் சொட்டிக்கொண்டிருந்த குழாயை இறுக்கி மூடினார். சொட்டு நின்றதா என்று பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்து, "இப்போது சொல்லுங்கள்," என்றார். அந்த ஊரில் நான் இருந்த அத்தனை வருஷத்தில் ஒருத்தர் என்மேல் காட்டிய மரியாதையில் அதுதான் பெரிது. என்மேல்கூட இல்லை, அந்த மலைக்காரர்மேல்.

பதினேழு பெயர்களோடு அந்தத் தாள் அவ்வளவு அழகாக வந்தது. வரைபடத்தின்மேல் வைத்தால் ஆறு முழுக்கப் பேச்சு. பேராசிரியர் அதை அறிக்கையின் பின்னட்டைப் பைக்குள் வைக்கச் சம்மதித்தார், ஓர் அடிக்குறிப்போடு: 'சந்தையில் ஒரே நபர் கூறியது, சரிபார்க்கப்படவில்லை.' சரி, அதுவாவது போகட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். போகவில்லை. உதிரித் தாள்களை இணைக்க விதி இடம்தரவில்லை என்று அலுவலகம் அதை மட்டும் திருப்பியனுப்பிவிட்டது. வரைபடம் இந்தியாவுக்குப் போனது. பெயர்கள் துறையின் இழுப்பறைக்குப் போயின.

நான் சும்மா இருக்கவில்லை. ஊரில் உள்ள வனத்துறைக்குத் தமிழில் ஒன்று, ஆங்கிலத்தில் ஒன்று என்று கடிதம் எழுதினேன். எட்டு மாதம் கழித்துப் பதில் வந்தது. 'தங்கள் கடிதம் பரிசீலனையில் உள்ளது.' மறுபடியும் எழுதினேன். மறுபடியும் பரிசீலனை. இரண்டு வருஷத்தில் அந்த ஒரு வரிக் கடிதம் என்னிடம் நாலு சேர்ந்தது. "அங்கை போய் நிண்டு கதைச்சாத்தான் மச்சான் நடக்கும். இங்கையிருந்து கடிதம் எழுதி ஒண்டும் ஏலாது," என்றான் நண்பன். அவன் சொன்னது சரி. நான் போகவில்லை. ஆராய்ச்சி முடிய வேண்டும், வேலை கிடைக்க வேண்டும் என்று எனக்குக் காரணங்கள் இருந்தன. எல்லாம் நல்ல காரணங்கள். அவற்றை வைத்துக்கொண்டு என்ன செய்ய?

பட்டம் வாங்கியபின் பிராங்பேர்ட்டில் வேலை கிடைத்தது. கேட்டால் சிரிப்பீர்கள், தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில். மைன் ஆற்றில் பாட்டில் பாட்டிலாக எடுத்துவந்து அதில் என்ன கலந்திருக்கிறது என்று பார்க்கிற வேலை. ஆற்றின் ஒவ்வோர் இடத்துக்கும் எங்களிடம் ஓர் எண் உண்டு. பாட்டிலில் எண்ணை ஒட்டும்போதெல்லாம், இதற்கும் யாராவது பெயர் வைத்திருப்பார்களே என்று தோன்றும். பக்கத்தில் வேலை செய்தவரிடம் ஒருதடவை கேட்டேன். "பதினொன்றாம் எண், அவ்வளவுதான்," என்றார்.

எழுபதுகள் முடியப்போகிற சமயம், ஒரு புதன்கிழமை பிற்பகல் என்னைத் தேடி ஓர் இளம்பெண் வந்தாள். அதே புவியியல் துறையில் ஆராய்ச்சி மாணவி. பேராசிரியர் ஓய்வு பெற்றுவிட்டார். பழைய இழுப்பறைகளைக் காலி செய்யும்போது அந்த ஒளித்தாள் அவள் கண்ணில் பட்டிருக்கிறது. அதோடு என் மொழிபெயர்ப்பும். அந்தக் குளிர்காலத்தில் அவளே அங்கே போய்வந்துவிட்டாள்.

"உங்களுக்கு ஒரு நல்ல செய்தி," என்றாள். முகமெல்லாம் சந்தோஷம். "நீங்கள் சொன்னதுதான் சரி. அதே மனிதரைக் கண்டுபிடித்தேன். எவ்வளவு ஒத்துழைப்பு தெரியுமா! கேட்ட உடனே பதினேழு பெயரையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டார். உங்கள் தாளோடு ஒன்றுவிடாமல் பொருந்துகிறது. பேராசிரியரின் அடிக்குறிப்பு தப்பு என்று நான் எழுதப்போகிறேன்."

அத்தனை வருஷமாக இந்த வார்த்தைக்காகத்தான் ஏங்கினேன்.  அவளை உணவறைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். கையோடு சின்னக் கேசட் ரெக்கார்டர் கொண்டுவந்திருந்தாள். பழைய மாதிரியே ஒரு படிவமும் வைத்திருந்தாள். இரண்டு பேர் தனித்தனியாகக் கேட்டு எழுதினால் சரிபார்த்ததாகிவிடும், நீங்களும் ஒருமுறை கேட்டு எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தாருங்கள் என்றாள்.

பொத்தானை அழுத்தினாள். குரல் தளர்ந்திருந்தது, ஆனால் அவர்தான். கிழவி குளிச்ச கயம். எழுதினேன். தேன் சொட்டுப் பாறை. எழுதினேன். மூணு தம்பி. தயக்கமே இல்லை. செருமல் இல்லை. 'நடங்க சாமி' இல்லை. எனக்குள் ஏதோ இடித்தது.

"இதை எங்கே பதிவு செய்தாய்?"

"அவருடைய வீட்டு வாசலில்."

"வாசலிலா?"

"ஆமாம். உட்கார்ந்து நிதானமாகச் சொன்னார்."

நான் ஒலியைக் கடைசிவரை திருகினேன். பெட்டியில் காதை வைத்தேன். லாரி ஒன்று போனது. எங்கோ ஒலிபெருக்கியில் சினிமாப் பாட்டு. கோழி. மறுபடியும் லாரி. ரீவைண்ட் செய்து முதலிலிருந்து கேட்டேன். இன்னொரு தடவை கேட்டேன். ஒரு காலத்தில் சனியன் என்று திட்டி நானே துடைக்கச் சொன்ன அந்தச் சத்தம் எங்காவது ஓர் ஓரத்தில் கேட்காதா என்று தேடினேன். அவள் என்னை விசித்திரமாகப் பார்த்தாள். "ஒலி தெளிவாகத்தானே இருக்கிறது?" என்றாள்.

கடைசியில் அவர் பேசியது அவளுக்குப் புரியாத பகுதி. அவள் எதுவும் கேட்கவில்லை, அவராகச் சொல்லியிருக்கிறார்.

"எவ்வளவு சத்தமா வேணும்னாலும் சொல்லலாம் சாமி இங்க. ரோட்டுக்குக் கொண்டாந்து விட்டதுலருந்து, தெனம் விடிஞ்சதும் மேல இருந்து கீழ வரைக்கும் ஒருதரம் பேரைச் சொல்லிக் கூப்புட்டுத்தான் பாக்குறோம். யாரும் வரலை. கேக்கலை போல இருக்கு."

அவள் என் பக்கம் குனிந்து, "என்ன சொல்கிறார்?" என்று கேட்டாள். அப்புறம் சொல்கிறேன் என்றேன்.  குனிந்து படிவத்தை முடித்தேன். பெயர் என்ற கட்டத்தில் மேலிருந்து கீழே வரை பதினேழு பெயர்கள். ஒன்று பாக்கியில்லை. ஒரே ஒரு கட்டத்திலாவது 'இல்லை' என்று எழுத எனக்குக் கொடுத்துவைத்திருந்தால், அந்த ஓர் இடத்திலாவது தண்ணீர்ச் சத்தம் காதில் விழ அவர் இன்னும் நின்றுகொண்டிருக்கிறார் என்று அர்த்தம். கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.